வயிறு குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு கர்ப்பமானால்

'டம்மி டக்' எனப்படும் வயிறு குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்ட பெண் மறுபடி கர்ப்பமானால் முதலில் வரும் பயம், தையல் பிரிந்துவிடுமோ, பிள்ளை வளர இடம் போதாதோ என்பதுதான். அந்தப் பயத்தில் கருவைக் கலைத்துவிடலாமா என்று யோசிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த ஆபரேஷனை மட்டும் காரணமாக வைத்துக் கலைக்கத் தேவையில்லை.

இந்த ஆபரேஷனில் அடிவயிற்றில் இடுப்புக்கு இடுப்பு கீறி, தொங்கும் தோலையும் கொழுப்பையும் எடுப்பார்கள். கர்ப்பத்தில் விலகிப்போன நடுவயிற்றுத் தசைகளை இழுத்துச் சேர்த்துத் தைப்பார்கள். தொப்புளைப் புது இடத்தில் பொருத்துவார்கள். எல்லாமே வயிற்றுச் சுவரோடு முடிந்துவிடும். கர்ப்பப்பை, சினைப்பை எதிலும் கை வைப்பதில்லை. ஆகவே கரு தரிப்பதற்குத் தடை இல்லை. தைத்த தசையும் குழந்தை வளர வளர மெல்ல விரிந்து கொடுக்கும். வயிறு இறுக்கமாக இருப்பதாகச் சிலர் சொல்வார்கள். இதுவரை வந்திருப்பவை சிறிய ஆய்வுகளும் தனித்தனி நோயாளர் குறிப்புகளும்தான் என்றாலும், குழந்தைக்குத் தனியாக ஆபத்து இருப்பதாக அவை காட்டவில்லை. சுகப்பிரசவமும் ஆகலாம், சிசேரியனும் செய்யலாம்.

கெடக்கூடியது ஆபரேஷனின் பலன்தான். தோல் மறுபடி தளரலாம், தசை மறுபடி விலகலாம். அதனால்தான் இன்னொரு பிள்ளை வேண்டுமென்று நினைப்பவர்களை, அதைப் பெற்றுக்கொண்ட பிறகு வரச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். அது சரியான யோசனை. செலவும் வலியும் இரண்டு முறை எதற்கு? ஆனால் வாழ்க்கை திட்டப்படி நடப்பதில்லை. மறுமணம் நடக்கிறது, பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் இன்னொன்றுக்கு ஏங்குகிறார்கள். அவர்களுக்கும் வழி அடைபடவில்லை. காயம் நன்றாக ஆற 6 மாதம் முதல் 1 வருடம் விட்டுக் கருத்தரிப்பது நல்லது. அதற்கு முன்பே உண்டாகிவிட்டால் பதற வேண்டாம், மருத்துவரிடம் சீக்கிரம் போங்கள்.

எடை குறைக்க இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷன் வேறு. அதில் சத்துக் குறைபாடு வரலாம் என்பதால் 12 முதல் 18 மாதம் வரை காத்திருக்கச் சொல்வார்கள். இரும்பு, பி12 அளவுகளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சிசேரியன் செய்யும்போதே தொங்கும் வயிற்றையும் சேர்த்து எடுத்துவிடுங்கள் என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். கர்ப்பப்பை அப்போது பெரிதாக இருக்கும். ரத்தப்போக்கு, கிருமித்தொற்று, காலில் ரத்தம் உறைதல் எல்லாவற்றுக்கும் வாய்ப்பு கூடும். தசையும் தோலும் தானாக எவ்வளவு சுருங்கும் என்பது குறைந்தது 6 மாதம் போனால்தான் தெரியும். தாய்ப்பால் நிறுத்திய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அழகுக்காகச் செய்தது என்று கூச்சப்பட்டு இதைப் பலர் மறைக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பத்தைப் பதியும்போதே கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். குடலிறக்கத்துக்காக உள்ளே வலை வைத்திருந்தால் அதை அவசியம் சொல்லுங்கள். வலை விரியாது, கடைசி மாதங்களில் வலி தரலாம். தழும்பு இறுகியிருந்தால் கையால் தொட்டு வளர்ச்சியைக் கணிப்பது கடினம், ஸ்கேன் கூடுதலாகத் தேவைப்படலாம். ஆபரேஷன் செய்த மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டைத் தாய்–சேய் அட்டையோடு சேர்த்து வைத்து, ஒவ்வொரு முறையும் கையில் எடுத்துப் போங்கள்.