அழைப்பிதழில் இல்லாத பெயர்



கண்டியில் இலக்கிய விழா என்றால் அதிதிகளைத் தப்பு முழங்க அழைத்துவருவது வழக்கமாகிவிட்டது. பக்கத்துத் தோட்டத்திலிருந்து நான்கைந்து பேர் காலையிலேயே வந்து காத்திருப்பார்கள். தெருமுனையிலிருந்து மண்டப வாசல் வரை அடிப்பார்கள். பிறகு மங்கள விளக்கு, தமிழ்மொழி வாழ்த்து, வரவேற்புரை எல்லாம் உள்ளே நடைபெறும். தப்புக்காரர் வாசலோடு நின்றுவிடுவார். நாதஸ்வர வித்துவானின் பெயரை அழைப்பிதழில் அச்சிடுகிறோம். தப்புக்காரரின் பெயரை, நான் கூட்டங்களுக்குப் போகத் தொடங்கிய இருபது ஆண்டுகளில் ஓர் அழைப்பிதழிலும் கண்டதில்லை.

சிறிய கலை, இலக்கிய அமைப்புகள் இன சமத்துவத்தை எவ்வாறு கைக்கொள்ளலாம் என்பது இன்றைய பொருள். இனம் என்றதும் சிங்களவர், தமிழர் என்ற இரண்டு சொற்களே நினைவுக்கு வருகின்றன. ஆனால் தமிழ் பேசுவோருக்குள்ளேயே நாம் போட்டிருக்கும் வேலிகள் கொஞ்சமல்ல. கண்டியைச் சூழ்ந்த மலைகளில் வாழும் மக்கள் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரஜாவுரிமை இழந்தவர்கள். எஞ்சியிருந்தவர்களுக்கு அதை மீட்டுத்தந்த சட்டம் 2003இல்தான் வந்தது. அரசு செய்த அநீதியை நாம் மேடையில் கண்டிக்கிறோம். ஆனால் நம்முடைய சங்கங்களின் செயற்குழுக்களில் அந்த மக்களுக்கு எத்தனை இடம் கொடுத்தோம்? நாற்காலி அடுக்கவும் தப்பு அடிக்கவும் அவர்கள் வேண்டும். நடுவராக இருக்க வேண்டியதில்லை என்பது எழுதப்படாத யாப்பாகவே பல இடங்களில் இருக்கிறது.

தமிழாசிரியன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துப் பேச்சில் எழுதிய சிறுகதையை மண்வாசனை என்று மெச்சும் நடுவர், தோட்டத்துப் பேச்சில் எழுதிய கதைக்குச் சிவப்பு மையால் பிழைதிருத்தம் செய்ததை ஒரு போட்டியில் பார்த்தேன். 'பெரட்டு' என்ற சொல்லை அடித்துவிட்டு 'வரிசை' என்று எழுதியிருந்தார். விடியற்காலையில் ஆளெண்ணி வேலை பிரிக்கும் அந்தக் கொடுமை வரிசை என்ற சொல்லுக்குள் எங்கே இருக்கிறது? அந்தக் கதையை எழுதிய மாணவி அடுத்த ஆண்டு போட்டிக்கு வரவில்லை.

முஸ்லிம் அன்பர்கள் விடயமும் இப்படித்தான். ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்கம் என்று நாம் போற்றும் 'அசன்பே சரித்திரம்' 1885இல் வெளிவந்தது. அதை எழுதிய சித்தி லெப்பை கண்டியில் பிறந்தவர். அவர் பிறந்த ஊரில் மாலை ஆறு மணிக்கு, சரியாக மஃரிப் தொழுகை வேளையில், கூட்டத்தைத் தொடங்கிவிட்டு, "முஸ்லிம்கள் வருவதில்லை" என்று குறைப்படுவதை என்னவென்பது!

சிங்களக் கலைஞரோடு உறவு கொள்வதற்கு நல்ல முன்னுதாரணம் நகரத்துக்கு அருகிலேயே இருக்கிறது. 1956ஆம் ஆண்டைத் தனிச் சிங்களச் சட்டத்தின் ஆண்டாகவே நாம் நினைக்கிறோம். பேராதனைப் பேராசிரியர் சரச்சந்திரவின் 'மனமே' மேடையேறியதும் அதே ஆண்டில்தான். அந்த நாடகம் சிங்கள நாடகம மரபிலிருந்து பிறந்தது. அந்த மரபோ தமிழ்க் கூத்திலிருந்து வேர்கொண்டது. அதனால் உந்தப்பட்ட பேராசிரியர் சு. வித்தியானந்தன், மட்டக்களப்பிலிருந்து அண்ணாவியாரை அழைத்து 1960களில் பல்கலைக்கழக மாணவரைக் கூத்தாட வைத்தார். படிக்காதவர் கலை என்று ஒதுக்கப்பட்டிருந்த ஒன்றைக் கற்பிக்க, கிராமத்துக் கலைஞர் ஒருவர் பல்கலைக்கழகத்துக்குள் ஆசிரியராக வந்தார். இதனை மிகப் பெரிய செயலாக நான் மதிக்கிறேன். ஆயினும் பேராதனையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் மாசி மாதந்தோறும் ஆடப்படும் காமன் கூத்துக்கு அந்த அளவு வெளிச்சம் அன்று கிடைத்ததாகச் சொல்வதற்கில்லை.

பின்னர் 2000களின் தொடக்கத்தில் பராக்கிரம நிரியெல்லவும் எச். ஏ. பெரேராவும் 'ஜனகரலிய' என்ற நடமாடும் அரங்கை அமைத்தார்கள். தமிழில் 'மக்கள் களரி' என்பார்கள். சிங்கள, தமிழ் இளைஞர்கள் ஒன்றாகப் பயின்று, ஒருவர் மொழியை மற்றவர் கற்று, இரு மொழிகளிலும் நடித்தார்கள். நம் விழாக்களில் சிங்களப் பிரமுகர் ஒருவரை அழைத்து, பொன்னாடை போர்த்தி, தமிழ் புரியாமல் மூன்று மணிநேரம் உட்கார வைத்து அனுப்புகிறோமே, அதற்கும் இதற்கும் உள்ள தூரத்தை நேயர்களே கணித்துக்கொள்ளலாம். அவர்கள் ஒத்திகையிலேயே ஒன்றுகூடினார்கள். நாம் மேடையில் மட்டும் ஒன்றுகூடுகிறோம்.

பத்துப் பதினைந்து அங்கத்தவரும் சொற்ப சந்தாவும் உள்ள ஒரு வட்டம் இதையெல்லாம் செய்ய இயலுமா என்று கேட்கலாம். கூடார அரங்கு கட்ட இயலாதுதான். கூட்டத்தை ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு மாற்ற இயலும். கலஹாவிலிருந்தும் தெல்தோட்டையிலிருந்தும் வருபவர் இருட்டுமுன் பஸ் ஏறலாம். தொழுகைக்குச் செல்பவரும் வேளையோடு செல்லலாம். சிங்களத்தில் இரண்டு பக்கச் சுருக்கம் எழுதிக் கொடுக்க நம் ஆசிரியர்களில் ஒருவருக்கு ஒரு மாலைப்பொழுது போதும். தப்புக்காரரின் பெயரை அச்சிட அச்சகத்தார் மேலதிகமாக எதுவும் கேட்கப் போவதில்லை. அவரை உள்ளே அழைத்து, அந்த வாத்தியத்தைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசவும் கேட்கலாம். அழுவாரோடு அழுது, ஆடுவாரோடு ஆடும் அந்தத் தோலைப் பற்றி நம் பேச்சாளர் பலருக்கு ஒன்றும் தெரியாது.

கடினமானது செயற்குழு. அங்கேதான் "தரம் குறைந்துவிடும்" என்ற பேச்சு எழும். தரம் என்ற சொல்லை எடுப்பவர் யாருடைய தரத்தைச் சொல்கிறார் என்று அப்போதே, அங்கேயே கேட்டுவிட வேண்டும். நடுவர் குழுவில் தோட்டத்திலிருந்து வந்த எழுத்தாளர் ஒருவர், முஸ்லிம் எழுத்தாளர் ஒருவர் என்று யாப்பில் எழுதிவிடுவதே நல்லது. நல்லெண்ணத்தை நம்பி விட்டால் அடுத்த தலைவர் வந்ததும் மறந்துபோகும். அவர்களுக்கான பஸ் கட்டணத்தைச் சங்கமே கொடுக்க வேண்டும். ஒரு நாள் சம்பளத்தைக் கணக்குப் பார்த்து வாழும் வீட்டிலிருந்து கூட்டத்துக்கு வருபவர் அந்தக் காசைத் தானாகக் கேட்கமாட்டார். பொருளாளர் கூட்டம் முடிவதற்கு முன்பே, எவரும் கேட்காமல், அதைக் கையில் கொடுத்துவிட வேண்டும்.