ஹார்மோன் கட்டிகளைக் காட்டும் கேலியம் ஸ்கேன்

குடல், கணையம், நுரையீரல் போன்ற உறுப்புகளில் ஹார்மோன் சுரக்கும் செல்கள் ஆங்காங்கே பரவியிருக்கின்றன. இவற்றிலிருந்து உருவாகும் கட்டிகள் நியூரோஎண்டோகிரைன் கட்டிகள் எனப்படும். அரிதான இக்கட்டிகளில் பல மெதுவாக வளர்பவை. சில, ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரப்பவை. இன்சுலின் மிகுந்தால் ரத்தச் சர்க்கரை சரிந்து மயக்கம் வரும். காஸ்ட்ரின் மிகுந்தால் வயிற்றில் அமிலம் பெருகிப் புண்கள் உண்டாகும். செரட்டோனின் மிகுந்தால் வயிற்றுப்போக்கு ஏற்படும், முகமும் சிவக்கலாம்.

எந்த ஹார்மோன் மிகுந்துள்ளது என்பதை ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனைகள் சொல்லிவிடும். கட்டி எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லா. சிடி, எம்ஆர்ஐ ஸ்கேன்கள் உருவத்தைக் கொண்டு தேடுபவை என்பதால், ஒரு சென்டிமீட்டருக்கும் சிறிய கட்டிகளும் குடல் மடிப்புகளில் இருப்பவையும் அவற்றுக்குத் தப்பிவிடக்கூடும். அப்போது உதவுவது கட்டியின் வேதியியல் இயல்பு.

1973இல் ரோஜர் கியமெனின் குழு, ஹார்மோன் சுரப்பைக் கட்டுப்படுத்தும் சோமாட்டோஸ்டேட்டினைக் கண்டறிந்தது. அது வந்து பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் பெரும்பாலான நியூரோஎண்டோகிரைன் கட்டிகளின் செல் பரப்பில் மிகுதியாக உள்ளன. 14 அமினோ அமிலங்களாலான இயற்கைச் சோமாட்டோஸ்டேட்டின் ரத்தத்தில் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். எனவே எட்டு அமினோ அமிலங்களைக் கொண்ட, நீடித்து நிற்கும் ஆக்ட்ரியோடைடு உருவாக்கப்பட்டது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் எரிக் கிரெனிங் குழுவினர் 1980களின் இறுதியில் இதனுடன் கதிரியக்க அணுக்களை இணைத்துக் கட்டிகளைப் படம்பிடித்தனர். அதிலிருந்து வளர்ந்த இண்டியம் ஸ்கேனுக்கு 1994இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. படம் எடுத்து முடிக்க ஒரு நாளுக்கு மேலாகும், தெளிவும் குறைவு.

இன்று பெரிதும் பயன்படுவது, ஆக்ட்ரியோடைடைப் போல அதே ஏற்பிகளைப் பற்றும் டோட்டாடேட் என்ற மருந்துடன் கதிரியக்கக் கேலியத்தை இணைத்து எடுக்கும் கேலியம்-68 டோட்டாடேட் பெட் ஸ்கேன். கேலியம்-68இன் அரைவாழ்வு 68 நிமிடங்களே என்பதால் அதைத் தொலைவிலிருந்து கொண்டுவருவது கடினம். ஆகவே மருத்துவமனையிலேயே ஒரு சிறு கருவியில் ஜெர்மானியம்-68 வைக்கப்பட்டிருக்கும். 271 நாள் அரைவாழ்வு கொண்ட அது சிதையச் சிதையக் கேலியம் உண்டாகும். தேவையானபோது பிரித்தெடுத்து மருந்துடன் இணைக்கலாம்.

மருந்தைச் சிரையில் செலுத்தி ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து ஸ்கேன் செய்வார்கள். அதற்குள் மருந்து ஏற்பிகளில் சேர்ந்திருக்கும். கேலியம் வெளியிடும் பாசிட்ரான், அருகிலுள்ள எலெக்ட்ரானுடன் மோதி அழியும்போது இரண்டு காமா கதிர்கள் நேரெதிர்த் திசைகளில் பாயும். சுற்றியுள்ள உணரிகள் இரண்டையும் ஒரே கணத்தில் பதிவுசெய்து, அவை புறப்பட்ட கோட்டைக் கணக்கிடும். இப்படிப் பல லட்சம் கோடுகளிலிருந்து படம் உருவாகிறது. உடனெடுக்கும் சிடி படத்துடன் சேர்த்துப் பார்த்தால் கட்டி எந்த உறுப்பில் உள்ளது என்பது தெரியும்.

ஒளிரும் இடமெல்லாம் கட்டியல்ல. மண்ணீரல், சிறுநீரகம், பிட்யூட்டரி ஆகியவை இயல்பாகவே ஒளிரும். கணையத்தின் தலைப்பகுதியும் சில வேளை ஏமாற்றும். மறுபுறம், இன்சுலின் சுரக்கும் கட்டிகள் பலவற்றில் இவ்வேற்பிகள் குறைவு. அவற்றுக்கு ஜிஎல்பி-1 ஏற்பியைத் தேடும் எக்ஸெண்டின் ஸ்கேன் பொருத்தம். வேகமாக வளரும் கட்டிகள் குளுக்கோஸ் வகைப் பெட் ஸ்கேனில் நன்கு தெரியும்.

ஸ்கேன் சிகிச்சைக்கும் வழிகாட்டுகிறது. கல்லீரலைவிடக் கட்டி கூடுதலாக ஒளிர்ந்தால், அதே மருந்தில் கேலியத்துக்குப் பதிலாக லுட்டீசியம்-177ஐ இணைத்துச் செலுத்தலாம். அதன் பீட்டா துகள்கள் ஓரிரு மில்லிமீட்டர் தூரமே பாய்ந்து கட்டிச் செல்களைத் தாக்குகின்றன. இச்சிகிச்சைக்கு 2017இல் ஐரோப்பாவிலும் 2018இல் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது.