வாரம் ஒரு மருந்து!

குட்டீஸ்! இருட்டியதும் சில குழந்தைகள் கண் தெரியாமல் தடுமாறுவார்கள். அதுதான் மாலைக்கண் நோய். வைட்டமின் 'ஏ' குறைந்தால் வரும். அந்தக் குறைவு கண்ணை மட்டுமா கெடுக்கும், உயிரையும் பறிக்குமா?

இதை அறிய, நாமக்கல்லை அடுத்த திருச்சி மாவட்டத்தில், டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லா குழுவினர் ஓர் ஆய்வு நடத்தினர். 15,419 சிறு குழந்தைகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் 'ஏ'யும் 'இ'யும். இன்னொரு பிரிவுக்கு 'இ' மட்டும்.

வசதியான ஊர்களுக்கு மட்டும் 'ஏ' கொடுத்தால் என்ன ஆகும்? பலன் மருந்தாலா, நல்ல சாப்பாட்டாலா என்று தெரியாதே! அதனால் குலுக்கல் போலப் பிரித்தார்கள். யாருக்கு எந்த மருந்து என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. அப்போதுதான் பாரபட்சம் வராது.

ஓராண்டு முடிந்ததும் கணக்குப் பார்த்தார்கள். 'இ' மட்டும் பெற்ற பிரிவில் 100 குழந்தைகள் இறந்தால், 'ஏ' பெற்ற பிரிவில் 46 பேர்தான் இறப்பார்கள் என்ற அளவுக்கு வித்தியாசம்! 1990ல் முடிவு வெளியானது.

காரணம் என்ன? குடல், நுரையீரலின் உள்தோலை உறுதியாக வைப்பது வைட்டமின் 'ஏ'. அது குறைந்தால் தட்டம்மையும் வயிற்றுப்போக்கும் எளிதில் வீழ்த்திவிடும்.

முருங்கைக்கீரை, கேரட், சேலத்து மாம்பழம், நாமக்கல் முட்டையின் மஞ்சள் கரு... எல்லாவற்றிலும் 'ஏ' சத்து உண்டு. ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் 'ஏ' திரவமும் கொடுக்கிறார்கள். உங்கள் குட்டித் தம்பி, தங்கைக்குக் கொடுத்தாயிற்றா? இன்றே அம்மாவிடம் கேளுங்கள்!