தாமான் வாசலில் ஒரு பராய்

போன்சாய் ஆசை வந்தபோது நான் முதலில் கேட்ட மரம் ஜப்பானிய மேப்பிள். படங்களில் பார்த்த செவ்விலைகள் அப்படி மயக்கியிருந்தன. குளிரில் இலையுதிர்த்துச் சில மாதம் உறங்கினால்தான் அதற்கு அடுத்த தளிர். நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை பாகை வடக்கே இருக்கும் ஜொகூர் பாருவில் அதற்கு உறக்கமே வாய்க்காது, ஓய்ந்துபோகும்.

எந்த மரத்தை வளர்ப்பது என்பது அவரவர் ரசனைதான். ஆனால் அந்த ரசனை நம் வெயிலையும் மழையையும் பார்த்துப் பிறக்க வேண்டும் என்பது என் கட்சி.

இங்கே வளர்ப்பவர்கள் பலர் உயிரை விடுவது மெந்திகிக்கு. கடலோரப் பாறை இடுக்கில் உப்புக்காற்று குடித்து முறுகி வளரும் புதர் அது. தாவர நூல்களில் பெம்பிஸ் அசிடுலா. மன்னார் வளைகுடாத் தீவுகளிலும் உண்டு. இரும்பு போன்ற கட்டை, பொடி இலை, வெளுத்து முறுக்கேறிய அடிமரம். அழகில் அதற்கு நிகரில்லை. ஆனாலும் முதிர்ந்த மெந்திகியை நான் வாங்கமாட்டேன். அது பெரும்பாலும் ஏதோ ஒரு கரையில் பாறையிலிருந்து பெயர்த்ததாகவே இருக்கும். வேர் அறுந்தால் எளிதில் பிழைக்காத மரம். விதையிலோ பதியனிலோ வந்த கன்று என்றால், அடிமரம் மெலிந்திருந்தாலும் அதையே எடுப்பேன்.

என் மனம் தங்கியது ஜெலித்தியில். நம் வெப்பாலைக்கு நெருங்கிய உறவு. நீண்ட காம்பில் வெண்பூக்கள் தலைகீழாகத் தொங்கும். இந்தோனேசியர்கள் அதை இளவரசியின் தோடு என்பார்கள். இலைகளை முழுக்கக் கிள்ளிவிட்டால் மூன்று நான்கு வாரத்தில் தளிரும் பூவுமாக வரும். சீனப் புத்தாண்டுக்கு நாள் எண்ணிக் கிள்ளுகிறவர்கள் உண்டு. நான் தைப்பூசத்துக்கு எண்ணுகிறேன். அடைமழை பிடித்துக்கொண்டால் கணக்குப் பிசகும்.

இதற்குக் கம்பி கட்டுவதைவிட, வெட்டி வளர்க்கும் லிங்னான் முறையே ஒத்துவருகிறது. குவாங்டோங்கில் பிறந்த முறை. இங்கே கிளை பருக்கும் வேகத்தில் சில வாரத்திலேயே கம்பி பட்டைக்குள் இறங்கிவிடும். தழும்பு ஆற ஆண்டுகள் ஆகும். துளிரை நீளவிட்டு, பருத்ததும் வெட்டி, வேறு திசை பார்க்கும் மொட்டை மட்டும் விட்டுவைத்தால் கிளை இயல்பாகவே கோணலும் நெளிவுமாக உருவாகும்.

ஆனாலும் எல்லாவற்றையும்விட எனக்கு நெருக்கமானது பராய். மலாய்க்காரர்கள் கெசினாய் என்பது இதைத்தான். தாய்லாந்தில் பழைய சுவடிகளுக்கான தாளை இதன் பட்டையிலிருந்து செய்தார்கள். காவிரிக்கரைத் திருப்பராய்த்துறையில் இது தலமரம். ஊருக்குப் பெயர் தந்ததும் இதுவே. எவ்வளவு வெட்டினாலும் துளிர்க்கும். அங்கே கோயில் மரம், இங்கே தாமான் குடியிருப்பில் என் வீட்டு வாசலில் ஒன்றரை அடி உயரத்தில் நிற்கிறது. காலையில் தண்ணீர் ஊற்றும்போது ஓர் இலையை விரலால் தேய்த்துப் பார்ப்பேன். உப்புத்தாள் போலச் சொரசொரக்கும்.