லைன் என்னும் சொல்



பர்லியாரில் ஒரு தேநீர் குடித்துவிட்டுக் குன்னூருக்கு ஏறுவதற்குள் 'லைன்' என்ற சொல் பலமுறை காதில் விழும். மலை ரயில் போவது லைன். மரம் விழுந்து அறுவது கரண்ட் லைன். ரேஷன் கடையில் லைனில் நிற்கிறோம். தடம், கம்பி, வரிசை என்று தமிழ் தனித்தனியாகச் சொல்வதை ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்குகிறது. பையன்கள் லைன் அடிப்பது மட்டும் நம் சொந்தத் தயாரிப்பு.

தேயிலைத் தோட்டத்திலோ லைன் என்றால் வீடு. பட்டாளத்துக் குடியிருப்பையும் குதிரைகள் கட்டும் இடத்தையும் வெள்ளையர் 'லைன்ஸ்' என்றார்கள். தோட்டத்துக்கு ஆள் பிடித்து வந்தபோது அதுவே 'கூலி லைன்ஸ்' ஆயிற்று. இலங்கையில் அது லயம். அதன் அறை காம்பரா. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் நீலகிரிக்கு வந்த நம் மக்களில் பலர் லயத்தை விட்டு லைனில் குடியேறினார்கள்.

அக்கிரகாரமும் வரிசை வீடுதான். அதை யாரும் லைன் என்பதில்லை. அங்கே வீடு குடியிருப்பவருடையது. லைன் வீடு வேலையோடு ஒட்டியது.

'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025-இல் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. ஆனால் லைனுக்குப் பெயர் மாற்றம் போதாது. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு தரும் பொறுப்பை நிர்வாகத்தின் மேல் வைத்தது. அந்த வீட்டைத் தொழிலாளிக்குச் சொந்தமாக்கவில்லை. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். அதனால்தான் கல்லூரி முடித்த மகளும் சில வீடுகளில் அம்மாவின் கொழுந்துக் கூடையை வாங்கி மாட்டிக்கொள்கிறாள்.