பரோல் விசாரணையில் பாதிக்கப்பட்டோரின் குரல்

தண்டனை பெற்ற ஒருவனை விடுவிக்கலாமா என அரசு ஆராயும்போது, அவனால் கேடுற்றவர்களுக்கு அதில் பங்கு யாது? நம் நாட்டில் பரோல் என்ற சொல்லால், கைதி சில நாட்கள் வெளியே சென்று திரும்பும் விடுப்பையே பெரும்பாலும் குறிக்கிறோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ அது, நிபந்தனைகளுக்கு உட்பட்டுச் சிறைக்கு வெளியே வாழ அனுமதிக்கும் விடுதலையாகும். அங்கும் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுமாதலால், கலிஃபோர்னியாவின் நடைமுறையை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம்.

குற்ற வழக்கை நடத்துவது அரசு. கொலையுண்டவனின் மனைவி சாட்சியாக அழைக்கப்படலாம். ஆயினும் அவள் வழக்கின் கட்சிக்காரி அல்லள். இக்குறையைப் போக்க 1982-இல் வாக்காளர் ஏற்ற சட்டமொன்று, பரோல் விசாரணைக்கு வந்து பேசும் உரிமையை இத்தகையோருக்கு அளித்தது. 2008-இல் வந்த மார்சி சட்டம் அவ்வுரிமையை விரிவாக்கி மாநில அரசியலமைப்பிலேயே சேர்த்தது. 1983-இல் கொல்லப்பட்ட ஓர் இளம்பெண்ணின் பெயரால் அது வழங்குகிறது. மகளை இழந்து ஒரு வாரமளவில், அவளைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவனைத் தாய் ஒரு கடையில் நேருக்கு நேர் கண்டாள். அவன் பிணையில் வெளிவந்ததை அவளுக்கு எவரும் அறிவித்திருக்கவில்லை.

இன்று அங்கு, கோருவோருக்கு விசாரணை நாள் முன்னதாக அறிவிக்கப்படுகிறது. அவர்கள் நேரிலோ பிரதிநிதி வாயிலாகவோ பேசலாம். அக்கூற்றைக் குறுக்கீடின்றி முழுமையாகக் கேட்டுக் குழு கருத்தில் கொள்ளவேண்டும். பரோல் மறுக்கப்பட்டவனுக்கு மறு விசாரணை வரும் இடைவெளியையும் அதே சட்டம் மூன்று முதல் பதினைந்து ஆண்டுகளாக நீட்டியது. குடும்பத்தார் அடிக்கடி பழைய புண்ணைத் திறக்க நேரிடுகிறது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். காரணம் மெய்யே, எனினும் பேசும் உரிமை வேறு, கைதியின் காத்திருப்பை நீட்டுவது வேறு என்பது நம் கருத்து.

கேட்கப்படும் உரிமை, தீர்மானிக்கும் உரிமை அன்று. கைதி இப்பொழுது பொதுமக்களுக்கு ஆபத்தானவனா என்பதே குழுவின் முன்னுள்ள கேள்வி. குற்றத்தின் கொடுமை மட்டுமே மறுப்புக்குப் போதாது என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. ஆகவே விதவை அந்த ஓர் இரவைக் குறித்துப் பேசுகிறாள். குழுவினரோ இனி வரும் நாட்களைக் குறித்து முடிவு செய்கின்றனர். தன் கண்ணீர் வீணாயிற்று என்று அவள் எண்ண இடமுண்டு. இதை முன்னரே அவளுக்கு விளக்கிச் சொல்ல ஒருவர் வேண்டும்.

பாதிக்கப்பட்டோர் அனைவரும் ஒரே குரலில் பேசுவார்கள் என்பதுமில்லை. 1968-இல் ராபர்ட் கென்னடியைச் சுட்டுக்கொன்ற குற்றத்துக்காக சிர்ஹான் சிர்ஹானுக்கு 1969-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1972-இல் அது ஆயுள் தண்டனையாயிற்று. 2021 ஆகஸ்டில் இருவர் அடங்கிய குழு அவரது விடுதலையைப் பரிந்துரைத்தது. கென்னடியின் மகன்களில் இருவர் அதை ஆதரித்தனர், வேறு ஆறு பிள்ளைகள் வன்மையாக எதிர்த்தனர், விதவையும் எதிர்த்தார். ஆளுநர் 2022 ஜனவரியில் பரிந்துரையைத் தள்ளினார். 2023-இல் குழுவும் பரோலை மறுத்தது. ஒரே தகப்பனை இழந்த பிள்ளைகளே இவ்வாறு பிரிந்து நின்றனர்.

இவர்களுள் எவர் மன்னித்தவர், எவர் மன்னியாதவர் என்று தரம் பிரிக்கப் போதகர் முற்படலாகாது. பகையை விட்டுவிட்ட ஒருவர், ஆபத்து நீங்கவில்லை என நேர்மையாக எண்ணி விடுதலையை எதிர்க்கலாம். விடுதலைக்கு இசைந்தவரின் உள்ளத்திலும் கசப்பு எஞ்சியிருக்கலாம். “மன்னித்துவிட்டீர்களா?” என்று விசாரணைக்கு முன்னாளில் கேட்பது, அவருக்குச் சட்டம் தந்த நாவை நாமே கட்டுவதாகும். மனமாறிய கைதியின் சார்பில் கடிதம் எழுதும் போதகர்கள் பலர். அவர்கள் எழுதுவது தக்கதே. ஆயினும் எழுதுமுன், மறுபக்கத்துக் குடும்பத்தை ஒருமுறையேனும் சந்தித்தோமா? சிறைக்குச் செல்ல நம் சபைகளில் குழுக்கள் உண்டு. கொலையுண்டவன் வீட்டுக்கு அடக்க ஆராதனைக்குப் பின் நாம் செல்வது அரிது.

பேசாதிருக்கவும் பாதிக்கப்பட்டவருக்கு உரிமையுண்டு. பேச விரும்புவாராயின், கூற்றை எழுதுகையில் அருகிலிருக்கலாம். சொற்களை மென்மையாக்கித் தரவேண்டியதில்லை. விசாரணையன்று உடன் செல்லலாம். முடிவு எதுவாயினும், அன்று மாலை அவர் வீட்டில் ஒருவர் இருக்கவேண்டும்.