நிலாவில் ஒரு தனி மலை... அடிவாரத்தில் விடியாத பள்ளங்கள்!

மங்கலம்பேட்டையில் பஸ் ஏறி, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், திண்டிவனம் தாண்டி மேல்மருவத்தூரில் இறங்குகிறீர்கள். அந்த வழி நெடுக ஒரே மலை நின்றால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அந்த அகலத்தில், சுமார் 100 கிலோமீட்டருக்கு, நிலவின் தென்துருவத்துக்கு அருகே ஒரு மலை நிற்கிறது. பெயர், மோன்ஸ் மூட்டன். உயரம் சுமார் 6,000 மீட்டர். நம் தொட்டபெட்டாவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்!

செயற்கைக்கோள்களின் பாதையைக் கணக்குப் போட்டுச் சொன்ன நாசாவின் கணித வல்லுநர் மெல்பா மூட்டனின் நினைவாக, 2023-ல்தான் இந்தப் பெயர் வைத்தார்கள்.

பௌர்ணமியன்று நிலா கிழக்கே எழும்போது மொட்டை மாடியிலிருந்து பாருங்கள். அதன் வலது ஓரம்தான் தென்பக்கம். மலை கண்ணுக்குத் தெரியாது. ஆனால், அது இருப்பது அந்த ஓரத்தில்தான்.

கூம்பு மாதிரி கூரான மலை இல்லை இது. உச்சி, மேஜை போலத் தட்டை. துருவத்தில் சூரியன் தலைக்கு மேலே வருவதே இல்லை. அடிவானத்தை ஒட்டியே சுற்றும். அதனால் உயரமான இடங்களுக்கு வெயில் அதிக நாள் கிடைக்கிறது. சோலார் பேனலுக்கு அதுதானே சோறு! அடிவாரத்திலோ நிலைமை தலைகீழ். அங்கே மலையை ஒட்டிக் கிடக்கும் ராட்சதப் பள்ளங்கள் சிலவற்றின் அடியில் கோடிக்கணக்கான ஆண்டுகளாக வெயிலே விழுந்ததில்லை. இப்படிப்பட்ட பள்ளங்களில் குளிர் மைனஸ் 200 டிகிரிக்கும் கீழே போகும். வந்து சேர்ந்த தண்ணீர் ஆவியாகிப் போக வழியில்லாமல் பனிக்கட்டியாக உறைந்து கிடக்கலாம். நிலவின் மண்ணில் நீரின் தடயம் இருப்பதை 2009-ல் உலகுக்குக் காட்டியது நம் சந்திரயான்-1 தான்.

தண்ணீர் ஆசை சரி, இறங்குவதுதான் பெரும்பாடு. 2025 மார்ச் 6 அன்று, 'அதீனா' என்ற அமெரிக்கத் தனியார் லேண்டர் இந்த மலை மேல் இறங்கியது. குறித்த இடத்திலிருந்து 250 மீட்டர் தள்ளி, ஒரு பள்ளத்துக்குள் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. பேனல்களில் வெயில் படவில்லை. மறுநாளே கதை முடிந்தது. உயரம் அளக்கும் லேசர் கருவியின் கோளாறோடு, தாழ்ந்த சூரியனின் நீண்ட நிழல்களும் கேமராவைக் குழப்பிவிட்டன.

2019-ல் சந்திரயான்-2 லேண்டர் மோதி நொறுங்கியபோது நாமும் அனுபவித்த வலிதான் இது. 2023 ஆகஸ்ட் 23-ல் சந்திரயான்-3 பத்திரமாக இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், மேலே சொன்ன பஸ் வழியில் வரும் விழுப்புரத்துக்காரர்! லேண்டரையும் ரோவரையும் சோதிக்கப் போட்ட 'நிலா மண்'ணுக்கு நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகளைத்தான் அரைத்தார்கள். நிலவின் மேட்டுநிலத்தில் இருக்கும் அனார்த்தசைட் பாறை அங்கே கிடைக்கிறது.

ஆனால், சந்திரயான்-3 இறங்கிய இடத்திலிருந்து மூட்டன் மலை இன்னும் 450 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே. அடுத்து ஜப்பானுடன் சேர்ந்து அனுப்பும் சந்திரயான்-5, தென்துருவப் பகுதியில் மண்ணைத் துளைத்துத் தண்ணீர் தேடப் போகிறது. அதில் போகும் ரோவரின் எடையும் மிக அதிகம். சந்திரயான்-3-ன் 'பிரக்யான்' வெறும் 26 கிலோதான்!